குவாண்ட் அனலிஸ்ட் பதவியில் சேர்ந்தால் அன்றாடம் என்ன செய்ய வேண்டியிருக்கும்?

காவிரிக்கரை:

வணக்கம். நான் திருச்சியில் எம்.எஸ்ஸி. புள்ளியியல் இறுதியாண்டு படிக்கிறேன். வளாகத் தேர்வில் ஒரு வெளிநாட்டு வங்கியின் சென்னை மையத்தில் ‘குவாண்டிடேட்டிவ் அனலிஸ்ட்’ என்ற பதவி கிடைத்திருக்கிறது. பணிக் கடிதத்தில் பிரிவின் பெயர் ‘மாடல் ரிஸ்க்’ என்று மட்டும் இருக்கிறது. வேலை என்னவென்று ஒரு வரிகூட இல்லை. நேர்காணலில் ரிக்ரஷன், மார்கோவ் சங்கிலி, பைத்தான் ஆகியவற்றைத்தான் துருவித் துருவிக் கேட்டார்கள். நிதி தொடர்பாகக் கேட்ட ஒரே கேள்விக்கு எனக்குத் தெரியாது என்று சொன்னேன், அப்படியும் எடுத்துக்கொண்டார்கள்.

இதை அப்பாவிடம் விளக்க முயன்று தோற்றுப்போனேன். இணையத்தில் குவாண்ட் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது ஆப்ஷன் என்ற சொல் (ஒரு பொருளைப் பின்னாளில் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்). எங்கள் சித்தப்பா கைபேசியிலேயே ஆப்ஷன் வாங்கி விற்று, சித்தியின் நகையை அடகுக்கடைக்குக் கொண்டுபோனவர். ஆகவே “சூதாட்டத்துக்குக் கணக்கு எழுதவா எம்.எஸ்ஸி. படித்தாய்?” என்பது அப்பாவின் கேள்வி. பொதுத்துறை வங்கியில் இருக்கும் மாமாவோ அதிகாரிகள் தேர்வை எழுதச் சொல்கிறார்.

இந்தப் பதவியில் இருப்பவர்கள் காலை முதல் மாலை வரை என்ன செய்கிறார்கள், முனைவர் பட்டம் இல்லாமல் இதில் நிலைக்க முடியுமா, அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்வது ஆகிய மூன்றையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

சராசரிக்கு அப்பால்:

வாழ்த்துகள். பழைய மகாபலிபுரம் சாலையில் இதே போன்ற ஒரு பிரிவில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன் என்பதால் முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். குவாண்ட் என்ற ஒரே பெயருக்குள் நாலைந்து தனித்தனிப் பிழைப்புகள் இருக்கின்றன. வங்கிக்காக வாங்கி விற்கும் டிரேடிங் டெஸ்க்கை ஒட்டி உட்கார்ந்து, வாடிக்கையாளர் கேட்கும் ஒப்பந்தத்துக்கு விலை சொல்லும் மாடலை, அதாவது கணித மாதிரியை, எழுதுபவர் ஒருவர். அதையே நொடிக்குள் ஓடும் சி பிளஸ் பிளஸ் நிரலாக மாற்றுபவர் இன்னொருவர். சந்தைத் தரவில் லாபத்துக்கு வழி தேடும் ஆய்வாளர் பெரும்பாலும் வங்கியில் இருக்க மாட்டார். வசதி படைத்தவர்களின் பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் ஹெட்ஜ் ஃபண்டிலோ சொந்தப் பணத்தைப் போட்டு வணிகம் செய்யும் நிறுவனத்திலோ இருப்பார். உங்களுக்குக் கிடைத்திருப்பது இவர்கள் யாருடைய வேலையும் அன்று. மற்றவர் எழுதிய மாடலை எந்த அளவுக்கு நம்பலாம், எந்த இடத்தில் நம்பக் கூடாது என்று எழுத்தில் சொல்லும் வேலை. ஆடிட்டர் பேரேட்டைப் பார்ப்பதுபோல நீங்கள் சமன்பாட்டைப் பார்ப்பீர்கள்.

இந்த வேலை இவ்வளவு பேருக்குச் சோறு போடுவதற்கு 2008 நெருக்கடியும், அதன் பிறகு வந்த ஒரு சுற்றறிக்கையும்தான் காரணம். 2011 ஏப்ரலில் அமெரிக்க ஃபெடரல் ரிசர்வும் தேசிய வங்கிகளின் கண்காணிப்பு அலுவலகமும் சேர்ந்து வெளியிட்ட எஸ்.ஆர். 11-7 என்ற வழிகாட்டுதல், மாடலை எழுதியவரைச் சாராத, அவரை எதிர்த்துக் கேள்வி கேட்கும் அறிவும் அதிகாரமும் உள்ள ஒருவர் அதைச் சோதிக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. ஒரு பெரிய வங்கியில் மாடல்களின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் இருக்கும் என்பதையும், முக்கியமானவற்றைத் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சென்னை, பெங்களூரு, மும்பை மையங்களில் இத்தனை நாற்காலிகள் ஏன் போடப்பட்டன என்பது விளங்கும்.

அன்றாட வேலைக்கு என் முதல் பணியையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். வட்டி விகித ஸ்வாப் (நிலையான வட்டியையும் மாறும் வட்டியையும் பரிமாறிக்கொள்ளும் ஒப்பந்தம்) ஒன்றின் விலையைக் கணிக்கும் மாடலைக் கொடுத்து, அதன் நிரலைப் பார்க்காமல், ஆவணத்தை மட்டும் படித்து, நானாக ஒன்றைக் கட்டி, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கச் சொன்னார்கள். ஒத்துப்போகவில்லை. என் சூத்திரத்தை நான்கு முறை சரிபார்த்தேன், வட்டி விகித வளைகோட்டின் இடைப்பட்ட புள்ளிகளை வேறு முறையில் கணக்கிட்டுப் பார்த்தேன், ஏறக்குறைய இரண்டு வாரம் போயிற்று. கடைசியில் தெரிந்தது இதுதான்: அவர்கள் ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்திருந்தார்கள், நான் 365 என்று வைத்திருந்தேன். டாலர் பணச்சந்தையில் 360 என்பது வழக்கம், ரூபாய்ச் சந்தையில் 365. ஆவணத்தில் இதைச் சொல்லவே இல்லை. சின்ன விஷயம் என்று தோன்றலாம். 100 கோடிக்கு 7 சதவீதம் என்றால் ஓராண்டு வட்டி ஒரு கணக்கில் 7 கோடி, இன்னொரு கணக்கில் 7 கோடியே 9 லட்சத்து 72 ஆயிரம் சொச்சம். அந்த ஆவணக் குறைபாட்டை எழுதியதுதான் என் முதல் ‘ஃபைண்டிங்’, அதாவது கண்டறிந்து பதிவு செய்த குறை.

வேலை நேரத்தில் பாதிக்கு மேல் தரவைத் தேடுவதிலும் துடைத்து ஒழுங்குபடுத்துவதிலும் போகும். மீதியில் பெரும்பகுதி அறிக்கை எழுதுவதில் போகும். ஐம்பது, அறுபது பக்க அறிக்கை சாதாரணம். மாலையில் லண்டனிலோ நியூயார்க்கிலோ இருக்கும் மாடல் ஆசிரியரோடு தொலைபேசிக் கூட்டம் இருக்கும். அவர் உங்களைவிட இருபது ஆண்டு மூத்தவராக, முனைவராக இருப்பார், உங்கள் கேள்வியை அற்பமாக நினைப்பார். அப்போது குரலை உயர்த்தாமலும் பின்வாங்காமலும் “இந்த அனுமானத்துக்கு ஆதாரம் எங்கே?” என்று மூன்றாவது முறையும் கேட்கத் தெரிய வேண்டும். கணிதம் தெரிந்த பலர் தடுமாறியது இந்த இடத்தில்தான் என்பது நான் கண்டது.

அற்பமான கேள்விகளுக்கு என்ன மதிப்பு என்பதற்கு 2012-இல் ஜே.பி. மோர்கன் வங்கியின் லண்டன் முதலீட்டு அலுவலகத்தில் நடந்ததைப் படியுங்கள். நட்டம் 600 கோடி டாலருக்கு மேல். அடுத்த ஆண்டு ஜனவரியில் அந்த வங்கியே வெளியிட்ட உள்விசாரணை அறிக்கையின்படி, இடரை அளக்கும் புதிய மாடல் எக்செல் தாள்களில், கையால் வெட்டி ஒட்டி ஓட்டப்பட்டது. பழைய விகிதத்துக்கும் புதிய விகிதத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவ்விரண்டின் சராசரியால் வகுக்க வேண்டிய இடத்தில் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தார்கள். ஏற்ற இறக்கம் பாதியாகத் தெரிந்தது. இடரும் குறைவாகத் தெரிந்தது. நட்டம் முழுவதற்கும் அதுவே காரணம் என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் அந்தத் தாளைப் பொறுமையாகத் திறந்து பார்த்திருந்தால் பள்ளி மாணவிக்கும் புலப்பட்டிருக்கும் பிழை அது.

முனைவர் பட்டம் உங்கள் பிரிவுக்குத் தேவையில்லை. எஃப்.ஆர்.எம். என்ற இடர் மேலாண்மைத் தேர்வு இரண்டு பகுதிகளாக நடக்கும். வேலையில் இருந்துகொண்டே எழுதலாம். சேருமுன் ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: ‘மாடல் ரிஸ்க்’ என்பதில் சந்தை மாடல்களும் உண்டு, கடன் மாடல்களும் உண்டு. இரண்டும் வேறு உலகம்.

அலைவரிசை:

மேலே எழுதிய அக்கா சொன்னவற்றில் பெரும்பாலும் உடன்படுகிறேன். அவர் சொல்லாத ஒரு குறையை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். நான் மும்பையில் சொந்தப் பணத்தில் ஆப்ஷன் வணிகம் செய்யும் ஒரு நிறுவனத்தில் ஆய்வாளனாக ஆறு ஆண்டுகள் இருக்கிறேன். அதற்கு முன் ஒன்றரை ஆண்டு உங்களுடையது போன்ற மாடல் சரிபார்ப்புப் பிரிவில் இருந்தேன். அங்கே நம் தீர்ப்பு சரியா தவறா என்று நமக்குத் தெரியவே தெரியாது. அறிக்கை போகும், கோப்பு மூடப்படும். இங்கே மாலை மூன்றரை மணிக்குச் சந்தை மூடியதும் தெரிந்துவிடும். மூன்று, நான்கு ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்டால் இந்தப் பக்கம் வருவது கடினமாகிவிடுகிறது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். சம்பளத்தில் வேறுபாடு பெரிது. ஆனால் அதில் பாதிக்கு மேல் போனஸ், அதுவும் போன ஆண்டு வந்ததால் இந்த ஆண்டும் வரும் என்று வீட்டுக்கடன் வாங்கக் கூடிய பணம் அன்று.

இங்கே நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்று தெரிந்தால் வேலையின் சுவையும் தெரியும். எனக்கு வந்த கேள்வி: பூவா தலையா போட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அடுத்தடுத்து இரண்டு தலை விழச் சராசரியாக எத்தனை முறை சுண்ட வேண்டும்? தலையும் அதை ஒட்டிப் பூவும் விழ எத்தனை முறை? இரண்டும் ஒன்றுதான் என்று பலர் சொல்லிவிடுவார்கள். விடை முறையே 6, 4. காரணம் எளியது. ஒரு தலை விழுந்து பூவுக்காகக் காத்திருக்கும்போது மறுபடி தலை விழுந்தால் இழப்பு ஏதுமில்லை, நின்ற இடத்திலேயே நிற்கிறோம். இரண்டாவது தலைக்காகக் காத்திருக்கும்போது பூ விழுந்தாலோ அத்தனையும் போய் முதலிலிருந்து தொடங்க வேண்டும். விடையைவிட, இந்தக் காரணத்தை எதிரில் இருப்பவருக்குப் புரியும்படி சொல்கிறோமா என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

மனக்கணக்கும் வேண்டும். ஆண்டு ஏற்ற இறக்கத்தை 16-ஆல் வகுத்தால் ஒரு நாளைய அசைவு தோராயமாகக் கிடைக்கும். ஆண்டில் ஏறத்தாழ 252 வணிக நாட்கள், அதன் வர்க்கமூலம் 16-க்குக் கொஞ்சம் கீழே. எதிர்பார்க்கப்படும் ஆண்டு ஏற்ற இறக்கத்தைச் சதவீதத்தில் சொல்லும் இந்தியா விக்ஸ் குறியீடு 16 என்று காட்டி, நிஃப்டி பங்குக் குறியீடு 25,000-இல் நின்றால், ஒரு சதவீதம், அதாவது 250 புள்ளி அசைவைச் சந்தை சாதாரணமாக எதிர்பார்க்கிறது என்று கால்குலேட்டர் இல்லாமல் சொல்ல வேண்டும்.

நான் பட்ட அவமானம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சேர்ந்த முதல் ஆண்டில், பழைய தரவில் சோதித்தபோது அருமையான லாபம் காட்டிய ஓர் உத்தியைக் கண்டுபிடித்துக் குழுவின் முன் வைத்தேன். மூத்தவர் ஒருவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு “எந்தப் பங்குகளில் லாபம் வந்தது என்று பட்டியல் போடு” என்றார். போட்டேன். லாபம் முழுவதும் சுமார் இருபது பங்குகளில்; அத்தனையும் பின்னாளில் ஒரு பங்குக்கு ஒரு பங்கு என்று இலவசமாகப் போனஸ் பங்கு கொடுத்தவை. போனஸுக்குப் பிறகு விலை பாதியாகும் என்பதால் தரவு விற்பவர்கள் பழைய விலைகளையும் பாதியாக்கித் திருத்திய அட்டவணை ஒன்றைத் தருவார்கள். நான் வாங்கும் விலையைத் திருத்திய அட்டவணையிலிருந்தும், விற்கும் விலையைத் திருத்தாத அட்டவணையிலிருந்தும் எடுத்திருந்தேன். 1,000 ரூபாய்ப் பங்கை 500-க்கு வாங்கி 1,000-க்கு விற்றுக்கொண்டிருந்திருக்கிறேன்! நல்ல முடிவு வந்தால் முதலில் அதைச் சந்தேகப்பட வேண்டும் என்று அன்றைக்குப் படிந்தது இன்றுவரை போகவில்லை.

காவிரிக்கரை:

இருவருக்கும் நன்றி. நாணயக் கேள்வியைத் தம்பியோடு சேர்ந்து பைத்தானில் ஒரு லட்சம் முறை ஓட்டிப் பார்த்தேன். 6-க்கும் 4-க்கும் மிக அருகில் வந்தது. இன்னும் ஒரு ஐயம். எங்கள் பாடத்திட்டத்தில் அளவைக் கோட்பாடு ஒரு பருவம்தான் இருந்தது, ஸ்டோகாஸ்டிக் கால்குலஸ் (தற்செயலாக மாறும் அளவுகளுக்கான நுண்கணிதம்) இல்லவே இல்லை. அது இல்லாமல் சமாளிக்க முடியுமா? அப்பாவின் கேள்வியும் அப்படியே நிற்கிறது.

பழைய பலகை:

கல்லூரியில் நிகழ்தகவு கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் கால்குலஸ் பற்றி மட்டும் சொல்கிறேன். பிரௌனியன் இயக்கம், மார்ட்டிங்கேல், இட்டோவின் சூத்திரம் ஆகிய மூன்றையும் கையால் கணக்குப் போட்டுப் பழகிக்கொண்டால் தொடக்கத்துக்குப் போதும். நிறுவல்கள் பின்னால் வரட்டும். இந்தத் துறையின் அடிப்படைக் கருவிகளில் நம் ஊர்க்காரர் ஒருவரின் பங்கு உண்டு என்பது உங்களுக்கு மகிழ்ச்சி தரலாம். சென்னையில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் படித்து, கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் முனைவர் பட்டம் பெற்ற எஸ்.ஆர். சீனிவாச வரதன், நியூயார்க்கின் குராண்ட் நிறுவனத்தில் கணிதவியலாளர் ஸ்ட்ரூக்கோடு சேர்ந்து விரவல் செயல்முறைகளுக்கு (தற்செயலாகப் பரவும் இயக்கங்களுக்கு) அமைத்த கோட்பாடு அவற்றுள் ஒன்று. 2007-இல் அவருக்குக் கணிதத்துக்கான ஏபெல் பரிசு கிடைத்தது. பங்குச் சந்தையை மனத்தில் வைத்து அவர் அதைச் செய்யவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சூத்திரத்தைவிட அதன் அனுமானத்தை நன்றாகப் படியுங்கள் என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன். அதற்கு ஒரு கதை உண்டு. 1900-இல் பாரீசில் லூயி பஷலியே என்பவர் தம் முனைவர் ஆய்வேட்டில், விலை கூடுவதும் குறைவதும் மணி வடிவ வளைகோட்டின்படி நடக்கும் என்று வைத்து ஆப்ஷனுக்கு விலை கண்டார். அந்த முறையில் விலை பூஜ்யத்துக்குக் கீழேயும் போகலாம் என்பதைப் பின்வந்தவர்கள் குறையாகக் கருதினார்கள். 1973-இல் பிளாக்கும் ஷோல்சும் வெளியிட்ட புகழ்பெற்ற சூத்திரம், விலையின் மடக்கையை (லாகரிதம்) எடுத்துக்கொண்டு அந்தக் குறையை நீக்கியது. விலை ஒருபோதும் எதிர்ம எண் ஆகாது. 1997-இல் ஷோல்சுக்கும், அந்தச் சூத்திரத்தை விரிவுபடுத்திய மெர்டனுக்கும் நோபல் நினைவுப் பரிசு கிடைத்தது. பிளாக் அதற்கு முன்பே மறைந்துவிட்டார். இந்த இடத்தில் பாடநூல்கள் முற்றுப்புள்ளி வைத்துவிடும். 2020 ஏப்ரல் 20-ஆம் நாள், பெருந்தொற்றால் தேவை அடிபட்டு, கச்சா எண்ணெயைத் தேக்கிவைக்க இடமில்லாமல், அமெரிக்காவில் மே மாத ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. மும்பை எம்.சி.எக்ஸ். சரக்குச் சந்தையிலும் மைனஸ் 2,884 ரூபாய்க்குக் கணக்குத் தீர்க்கப்பட்டது. எதிர்ம எண்ணுக்கு மடக்கை ஏது? ஏப்ரல் 22 முதல் சிகாகோவின் சி.எம்.இ. சந்தை தன் எண்ணெய் ஆப்ஷன்களுக்குப் பஷலியேவின் முறைக்கே மாறிக்கொண்டது. நூற்றிருபது ஆண்டுப் பழைய ஆய்வேடு ஒரே வாரத்தில் நடைமுறைக்கு வந்ததை நான் வேறெந்தத் துறையிலும் கேள்விப்பட்டதில்லை.

சராசரிக்கு அப்பால்:

அந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் யாரும் தூங்கவில்லை. ஐயா சொன்ன மடக்கைச் சிக்கலால் இரவு அறிக்கைகளில் எண் வர வேண்டிய கட்டங்களில் பிழைக்குறியாக வந்துகொண்டிருந்தது.

அப்பாவின் கேள்வியை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை, ஏனெனில் அவர் பாதி சரியாகவே சொல்கிறார். 2024 செப்டம்பரில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 2023-24-இல் லாபம் பார்த்த பெரிய நிறுவனங்களின் லாபத்தில் ஆகப் பெரும்பகுதி கணினி வழி அல்காரிதம் வணிகத்தால் வந்தது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. உங்கள் சித்தப்பாவுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தது பெரும்பாலும் அலைவரிசை எழுதியது போன்ற ஒரு நிரல்தான். அலைவரிசை கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

ஆனால் ஆப்ஷன் சூதாட்டத்துக்காக மட்டும் பிறந்ததன்று. திருப்பூரில் ஒருவர் பனியன் ஏற்றுமதி செய்து, மூன்று மாதம் கழித்து 10 லட்சம் டாலர் வாங்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் டாலர் ஒரு ரூபாய் இறங்கினால் அவருக்கு 10 லட்சம் ரூபாய் போயிற்று. நூல் விலையும் கூலியும் போக அவருக்கு மிஞ்சுவதே சில சமயம் அவ்வளவுதான் இருக்கும். இந்த விலைக்குக் கீழே போனாலும் இந்த விலைக்கே எடுத்துக்கொள்கிறோம் என்று வங்கி ஓர் ஆப்ஷன் எழுதிக் கொடுத்து, அதற்கு ஒரு கட்டணம் வாங்குகிறது. பயிர்க் காப்பீட்டின் இடத்தில் இதை வைத்துப் பார்க்கும்படி அப்பாவிடம் சொல்லுங்கள். அந்தக் கட்டணம் நியாயமானதா, டாலர் பத்து ரூபாய் இறங்கினால் வங்கி தாங்குமா என்று கேட்பதுதான் நம் பிரிவின் வேலை.

காவிரிக்கரை:

அக்கா சொன்னபடி மனிதவளத் துறைக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். நான்கு நாள் கழித்து இன்று பதில் வந்தது. என் குழுவில் ஆப்ஷனே இல்லையாம். அமெரிக்க வீட்டுக்கடன்கள் திருப்பிச் செலுத்தப்படாமல் போகும் நிகழ்தகவைக் கணிக்கும் மாடல்களைச் சரிபார்ப்பதுதான் வேலையாம். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். “கடனைக் கட்ட மாட்டான் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு கணக்கு, அந்தக் கணக்கு சரியா என்று பார்க்க நீயா?” என்று கேட்டுவிட்டு, கூட்டுறவு வங்கியில் தாம் சங்கச் செயலாளராக இருந்த காலத்தில் கணக்கில்லாமலே முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன் என்றார். சேரச் சம்மதித்துவிட்டார்.

சராசரிக்கு அப்பால்:

அப்படியானால் நேர்காணலில் மார்கோவ் சங்கிலியைத் துருவியதன் காரணம் இப்போது புரிந்திருக்கும். ஒழுங்காகக் கட்டுபவர், 30 நாள் தவணை தவறியவர், 60 நாள், 90 நாள் என்று நிலைகளைப் பிரித்து, இந்த மாதம் ஒரு நிலையில் இருப்பவர் அடுத்த மாதம் எந்த நிலைக்குப் போவார் என்ற மாறுநிலை அணிதான் அந்த மாடல்களில் பலவற்றின் உயிர். சேருவதற்குள் லாஜிஸ்டிக் ரிக்ரஷனையும் சர்வைவல் அனாலிசிசையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அப்பா முகத்தில் எதைப் பார்த்து முடிவு செய்தார் என்றும் கேட்டு வையுங்கள். எந்த மாறியைச் சேர்ப்பது, எதைச் சேர்க்கச் சட்டம் அனுமதிக்காது என்று முதல் மாதமே விவாதம் வரும்.